லண்டன் வளையமும் ரப்பர் பையும்

டொக்டர் திருச்செல்வம் சீமையிலிருந்து கொண்டுவந்தவை மூன்று: ஒரு பட்டம், ஒரு புகைக்குழாய், மனிதனின் கைப்பிடிப் பலத்தை அளக்கும் ஓர் எஃகு வளையம். பட்டம் சுவரில் ஏறிவிட்டது. குழாய் வாயில் ஏறிவிட்டது. வளையத்துக்குத்தான் தகுந்த கை கிடைக்காமல் இருந்தது.

கிடைத்த கை அம்பிட்டிய அமலதாஸினுடையது. சண்முகநாதன் முதலாளியின் பஸ்ஸைக் கண்டியிலிருந்து திகனைக்கு ஓட்டியவன். ஒரு குளிர்காலையில் எஞ்சினைக் கிளப்ப முன்பக்க ஹேண்டிலைச் சுற்றியபோது, அது எதிர்ப்பக்கம் திருப்பி அடித்து வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. இப்போது எலும்பு கூடி, மாவுக்கட்டும் அவிழ்த்தாயிற்று. ஸ்டியரிங் பிடிக்கத் தகுந்த கை என்று டொக்டர் எழுதித் தந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் வேறு டிரைவர் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

டொக்டர் நீல வெல்வெட் பெட்டியைத் திறந்தார்.

"இஞ்சை பார், லண்டன் சாமான். இந்தக் கண்டியிலை இது ஒண்டுதான் இருக்கு. கவனமாய்ப் பிடிச்சு அமத்து."

பெரியவர்கள் கொடுப்பதை வாங்குகிற முறையில் அமலதாஸ் இரண்டு கைகளையும் நீட்டினான். ஒரு கை போதும் என்று அதட்டு விழுந்தது. கோயில் பீடத்துப் பூச்சாடியைத் துடைக்கிற பக்குவத்தோடு வலக்கையால் அமத்தினான். முள் சோம்பல் முறித்து, மறுபடி படுத்துக்கொண்டது. பிடியில் பலமில்லை என்று டொக்டர் மகிழ்ச்சியோடு எழுதினார். ஆராய்ச்சிக்கு நல்ல கை.

வீட்டில் மனைவி தெரேசா விட்டுவைக்கவில்லை.

"பஸ்ஸையே வளைக்கிற கையி. ஏன் நல்லா அமுக்கல?"

"ஒடஞ்சி போனா? ஒன்னே ஒன்னுதான் இருக்காம்."

"அது தப்பிச்சிருச்சி. ஒடஞ்சது நாமதான்."

மறுநாளே அவனை டொக்டர் சுந்தரலிங்கத்திடம் இழுத்துப் போனாள். சீமைக்குப் போகாதவர், ஆகவே சீமைச் சாமான் எல்லாம் ஏமாற்று என்று கண்டுபிடித்தவர். திருச்செல்வம் ஆடும் அதே கிளப்பில்தான் இவரும் டென்னிஸ் ஆடுவார். இருவருக்கும் பேச்சு கிடையாது. வளையத்தின் கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் ரப்பர் பையைச் சுருட்டி அமலதாஸின் கையில் திணித்தார்.

"திருச்செல்வத்தின்ரை கழுத்தெண்டு நினைச்சு அமத்து."

ரப்பருக்கு அமலதாஸ் பயப்படவில்லை. போனால் ஊரில் மரம் இருக்கிறது. பாதரசம் குழாயின் உச்சிக்கே ஏறியது. குறை எதுவுமில்லாத பூரண பலமுள்ள கை என்று சுந்தரலிங்கம் எழுதி, கையெழுத்தையும் வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டார்.

அந்த வாரம் கிளப்பில் இருவருக்கும் பேச்சு வந்தது, சண்டையாக. ஒருவர் இறாத்தலில் வாதாடினார், மற்றவர் பாதரசத்தின் உயரத்தில். சீனியை இறாத்தலிலும் சீத்தைத் துணியைக் கஜத்திலும் விற்கிற எந்தக் கடைக்காரனும் அந்த வழக்கைத் தீர்த்திருப்பான். ஆனால் கிளப்பில் கடைக்காரர்களைச் சேர்ப்பதில்லை.

முதலாளியோ இரண்டு சான்றிதழ்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு டொக்டர்மாருக்கும் விளங்காதது அவருக்கு விளங்கியது.

"லண்டன் அளவுப்படி கையில பலமில்ல தம்பி. ஆள் நெறஞ்ச பஸ்ஸு, தென்னக்கும்புரப் பாலம்... நான் எப்புடி நம்பிக் குடுக்கிறது? சரி, வேலையில அடிபட்டவங்களுக்கு வந்த புதுச் சட்டப்படி நட்டஈடு குடுக்கலாம்னா, கையில கொறையே இல்லன்னு மத்தவரு எழுதியிருக்காரே."

"கையி ஒன்னுதானுங்களே முதலாளி."

"அளந்தது ரெண்டு பேரில்லையா?"

இருந்தாலும் அவர் இரக்கமுள்ளவர். காலையில் எல்லா பஸ்ஸுக்கும் ஹேண்டில் சுற்றிக் கிளப்பிவிடும் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குக் கொடுத்தார். பலமுள்ள கைக்குப் பொருத்தமான வேலை என்றும் சொன்னார்.

டொக்டர்மார் பிறகு சமாதானமாகி, கருவிக்குக் கருவி பிடிப்பலம் மாறுபடும் என்று கிளப்பில் சேர்ந்தே ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதில் அமலதாஸ் 'ஒரு கூலியாளின் வலக்கை' என்று வந்தான். கைதட்டல் பலமாக இருந்ததாம்.

அதே வாரம் பஸ் ஸ்டாண்டில் பனி விலகவில்லை. அமலதாஸின் ஆசனத்தில் இருந்த புது டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"வெரசாச் சுத்துங்கண்ணே, நேரமாகுது."

வலது கை மறுபடி முறிந்தால் எந்த டொக்டரிடம் போவதென்று அமலதாஸுக்குத் தெரியவில்லை. ஹேண்டிலை இடது கையால் பிடித்தான்.