வாய் வைத்த அழுத்தமானி

பிஸ்கட் தொழிற்சாலையை நடத்தியவர் அக்கா. நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தவர் தம்பி. தொழிலாளிகள் அவருக்கு 'டைரக்டர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். கேலி என்று புரியாமல் அவர் அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயில் சின்ன அழுத்தமானி ஒன்று இருந்தது. அதன் முள் எப்போதும் லேசாக நடுங்கும். தம்பியின் கண்ணை அது உறுத்தியது.

"என்னக்கா இது, குளிர்ஜுரம் வந்த மாதிரி ஆடுது?"

"அடுப்பு கேஸுக்கு அழுத்தம் ரொம்பக் கம்மிடா. உள்ள மடிப்பு மடிப்பா ரெண்டு மெல்லிசான தகடு, ஓரம் ஒட்டி, தட்டையான டப்பா மாதிரி இருக்கும். கேஸ் உள்ள போனா அது துளியூண்டு உப்பும். அந்த உப்பலைப் பெருசாக்கித்தான் முள் காட்டுது. நீ கை வைக்காத."

அவர் கை வைக்கவில்லை. வாய் வைத்தார்.

கேஸை மூடி அடுப்பைச் சுத்தம் செய்த அன்று அழுத்தமானியைக் கழற்றச் சொல்லி, எல்லோரும் பார்க்க, மூச்சைப் பிடித்து ஊதினார். முள் பாய்ந்து கடைசிக் கோட்டில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே உப்பிய தகடு பழையபடி சுருங்கவில்லை.

"பாத்தீங்களா என் நுரையீரலோட பவர!"

சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? கைதட்டினார்கள்.

அந்த இடத்தில் கம்ப்ரஸருக்கென்று வாங்கி வைத்திருந்த, சாப்பாட்டுத் தட்டு அகல அழுத்தமானியை மாட்டவைத்தார். பெரிய அழுத்தத்துக்கென்று செய்த அதன் தடித்த உள்குழாய்க்கு அடுப்பு கேஸ் வெறும் எறும்பின் பெருமூச்சு. முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

"இப்ப எவ்வளவு நிதானம் பாருங்க!"

மொத்தமாக வாங்கும் வியாபாரிகள் வந்த நாளில் குழாய் வடிகட்டியில் அழுக்கு அடைத்து, தீ சுருங்கியது.

"சார், தீ கம்மியா இருக்கற மாதிரி தெரியுது" என்றார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி.

"முள் அசையவே இல்லையே! பேசாம போடுங்க."

வெளுத்த பிஸ்கட்டைக் கடித்த மூத்த வியாபாரியின் மேலண்ணத்தில் மாவு பசைபோல ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பேச்சு வரவில்லை.

"ருசியில வாயடைச்சுப் போயிட்டார்" என்றார் தம்பி.

அக்கா நேரே அடுப்புக்கு நடந்தார். தம்பியும் பின்னாலேயே போனார்.

"முள் எதுல நிக்குது?"

"பூஜ்யத்துல."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

தம்பி உண்மையாகவே யோசித்தார். "எந்தப் பிரச்சினையும் இல்லன்னு."

வியாபாரிகள் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்; அப்புறம் திரும்பி வரவே இல்லை. அக்கா வடிகட்டியைச் சுத்தம் செய்யவைத்து, தகடு வைத்த புது அழுத்தமானியை மாட்டினார். அன்று மாலையே அம்மா போனில் அழுதார்: "அவன் மனசு தாங்காதுடி, ஒண்ணும் சொல்லிடாத."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகளைத் தவிர வேறெதுவும் இல்லாத கிடங்குக்குத் தம்பியை மாற்றினார். அம்மாவிடம் அதைப் பதவி உயர்வு என்றார். அம்மா உறவினர் எல்லோருக்கும் சொன்னார். அவர்கள் தம்பிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தம்பி நன்றி சொன்னார்.