நாற்பத்தொன்றாவது நிமிஷம்

வாண்டு முதல் அடி எடுத்து வைத்த அன்று, அவளுடைய அப்பா கடலுக்கு நடுவில் ஒரு தீவில் மழைமானியைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வானிலை நிலையத்தில் இரண்டு வருஷப் பணி. மாதத்துக்கு ஒரு படகு போகும், வரும். மற்றபடி வெள்ளிக்கிழமை காலையில் தலைமை அலுவலகத்து ஒயர்லெஸ் அறையில் குடும்பத்துக்கு மூன்று நிமிஷம். செல்போனில் பேசுவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. தீவில் அந்தப் பெரிய விஷயமும் கிடையாது.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கைக்கு அடக்கமான ஒரு வீடியோ கேமரா வைத்திருந்தாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, செய்தித்தாளைத் தின்னப் பார்த்தது, ஒன்றுவிடாமல் எடுத்து, மாதாமாதம் ஒரு டிவிடியில் எழுதிப் படகில் அனுப்பிவிடுவாள். தீவில் ஒரு டிவியும், அரதப் பழசான ஒரு பிளேயரும் இருந்தன.

அந்த மாதப் படம் வழக்கத்தைவிட நீளம், ஐம்பது நிமிஷம். நடை பழகியதைக் கடைசியில் வைத்தாள். அவர் ஆவலாகப் பார்த்துக்கொண்டே வந்து, முடிவில் அசந்துபோகட்டும் என்று ஆசை.

வெள்ளிக்கிழமை ஒயர்லெஸில் அவர் குரல் கரகரவென்று வந்தது.

"படம் நின்னுபோச்சு. நாற்பத்தொன்னாவது நிமிஷம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஒரு கையை எடுத்துட்டா. இன்னொரு கையும் எடுக்கப் போறா. அப்படியே கட்டம் கட்டமா உறைஞ்சிடுது. ஓவர்."

பேசி முடித்ததும் ஓவர் சொன்னால்தான் அடுத்தவர் பேச முடியும்.

"ஐயோ, அதுக்கப்புறம்தாங்க அவ—"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு பேசும் பொத்தானை விட்டாள். அவர் ஊகித்துவிட்டார். "சொல்லிடாதே! நான் என் கண்ணால பார்க்கணும். வேற ஒண்ணு எழுதி அனுப்பு. ஓவர்."

பக்கத்திலிருந்த ஒயர்லெஸ்காரர் தன் நகத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

வீட்டில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "முக்கியமானதை முதல்ல போட்டிருக்கலாம்ல அண்ணி? எங்க அண்ணன் என்ன தியேட்டர்லயா உக்காந்திருக்காரு?"

டிஸ்க்கில் ஏதோ கீறல் என்று நினைத்து, அதே படத்தை இன்னொன்றில் எழுதினாள். மொத்தமாக ஐம்பது டிஸ்க் வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். மேலுறையில் 16 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் பதினாறு மடங்கு வேகத்திலேயே எழுதினாள். அஞ்சாறு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். தங்குதடையில்லாமல் ஓடியது. படகில் அனுப்பினாள்.

"இப்ப முப்பத்தெட்டுலயே நின்னுடுச்சு," என்றார் அவர். "இந்தத் தடவை சுவர் பக்கமே அவ வரலை. ஓவர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. பழைய டிஸ்க்கையே தினமும் சாப்பிடும்போது போட்டு, அந்த ஒரு கை சுவரை விடுகிறவரை பார்ப்பதாகச் சொன்னார். அவள் இடுப்பில் இருந்த வாண்டு கீழே இறங்கத் திமிறியது. இறக்கிவிட்டால் தத்தக்கா பித்தக்காவென்று ஓடும், அந்தச் சத்தம் அவர் காதுக்குப் போய்விடும். மூன்று நிமிஷமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் போனாள். ஊரே அவரை நிதானம் என்றுதான் கூப்பிடும். ஒரு திருகாணியைக் கழற்றக் கால் மணி நேரம் எடுப்பார்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. அங்கே மட்டும் ஏன் ஓடலை?"

"உங்க டிரைவ் புதுசு. அரைகுறையா பதிஞ்சிருந்தாலும் தட்டுத்தடுமாறிப் படிச்சிடும். பழைய பிளேயருக்குக் கண்ணு மங்கிப் போயிருக்கும்மா." டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பினார். "இது நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பார்த்து எழுதிக்கிட்டே போகும். ஓரத்துக்குப் போகப் போகத்தான் முழு வேகமும் பிடிக்கும். அங்கேதான் பதிவு சொதப்பியிருக்கு. உங்க படத்துல நடை எங்கே இருக்கு?"

"கடைசியில."

நிதானம் அவளைப் பார்த்தார். நாத்தனார் கேட்டதையே கேட்கப் போகிறார் என்று தெரிந்ததும், "சரி, எனக்கும் தெரியுது," என்றாள்.

புது டிஸ்க் ஒன்றைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, அதற்குள் தொழிற்சாலை பதிந்த குறிப்பைப் படித்தார். உறையில் பதினாறு என்று இருந்ததே ஒழிய, உள்ளே எட்டு என்றுதான் இருந்தது. "உறையை நம்பி ஓட்டிட்டீங்க. வேகத்தைக் குறைச்சு எழுதுங்க."

"எவ்வளவு குறைக்கணும்?"

"அதை டிஸ்க்கைத்தான் கேக்கணும். எழுதும்போது வேற எதையும் திறக்காதீங்க."

டிஸ்க்கைக் கேட்பதென்றால், அதே மாதிரி கண் மங்கிய பிளேயர் ஒன்று வேண்டும். நாத்தனார் கல்யாணத்துக்கு வந்த பிளேயர் பரணில் கிடந்தது. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தபோது வேறு எதையும் எடுக்காமல் இதைமட்டும் தூக்கி வந்திருந்தாள். தூசி தட்டி மாட்டினார்கள். பதினாறில் புதிதாக ஒன்றை எழுதிப் போட்டதும் முப்பத்தொன்பதாவது நிமிஷத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அவள் கைதட்டிவிட்டாள்.

"படம் நின்னதுக்குக் கைதட்டுற ஒரே ஆள் நீங்கதான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

அடுத்த படகுக்கு ஒன்பது நாள் இருந்தது. கடையிலிருந்து வந்ததும் தினம் ஒரு டிஸ்க். மார்க்கரால் நடு வளையத்தில் வேகத்தை எழுதி வைப்பாள். மெதுவாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து முதலில் இரண்டில் எழுதினாள். அரை மணிக்கு மேல் ஆனது. ஆறாவது நிமிஷத்திலேயே திக்கியது. இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. நிதானத்துக்குப் போன் போட்டாள். "ரொம்பவும் இழுத்தா சில டிஸ்க்குக்கு ஒத்துக்காதும்மா. நடுவுல எங்கேயாவது இருக்கும், தேடுங்க," என்றார்.

எட்டில் எழுதியது நாற்பத்தொன்று வரை வந்து, முக்கி முனகி ஓரிடத்தில் தாண்டிக் குதித்தது. வாண்டு கையை விட்டாள். அடுத்த காட்சியில் அத்தை மடியில் கிடந்தாள். நடுவில் நடந்தது காணோம். பாழானவற்றை நாத்தனார் பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள், புறாவை விரட்ட.

நான்கில் எழுதியதைப் போட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்பத்தொன்று. கை சுவரை விட்டது. இன்னொரு கையும் விட்டது. ஒரு அடி. யோசனை. இன்னொரு அடி. மூன்றாவதில் தொப்பென்று உட்கார்ந்து, தானே ஆச்சரியப்பட்டுக் கத்தினாள். படம் ஐம்பது நிமிஷமும் ஓடி முடிந்து பிளேயர் அமைதியானது. எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு அவள் அதைத் தன் கண்ணால் பார்க்கவில்லை. தீவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரின் கண்ணால் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

நான்கிலேயே இன்னொன்றும் எழுதினாள். அதில் நடையை முதலில் வைத்தாள். இரண்டையும் ஒரே உறையில் போட்டுப் படகுக்காரரிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை.

"பார்த்துட்டேன். ஓவர்," என்றார். ஓவர் சொல்லிவிட்டதால் அவள்தான் பேச வேண்டும். பொத்தானை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினாள். ஒயர்லெஸ்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"எத்தனை தடவை பார்த்தீங்க? ஓவர்."

"எண்ணலை. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்துடும்னு கூட இருக்கறவர் திட்டுறார். மூணாவது அடியில விழுந்தாளே, நானும் எந்திரிச்சுப் பிடிக்கப் போயிட்டேன்." கொஞ்சம் இரைச்சல். "ஆனா ஒரு குறை. இத்தனை மாசப் படத்தையும் வரிசையா போட்டுப் பார்த்தேன். உன்னை எங்கேயுமே காணோம். 'வா, வா, அம்மாகிட்ட வா'ன்னு குரல் மட்டும் கேக்குது. ஒரு தடவை சுவர்ல உன் நிழல் விழுந்துச்சு. அதை நிறுத்தி வெச்சுப் பார்த்தேன். ஓவர்."

ஒயர்லெஸ்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனார். மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"என்னைப் பார்க்க என்ன இருக்கு," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "நானும்தான் உங்களைப் பார்க்கலை. ஒன்பது மாசமாச்சு. ஓவர்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமராவை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்குப் போகும் சேலையையே கட்டியிருந்தாள். நல்லதாக ஒன்றைக் கட்டி, பிறகு கூச்சமாகி மாற்றிவிட்டாள்.

"அண்ணி, போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி உக்காராதீங்க. ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது? நீ இருக்கும்போது எப்படிப் பேசறது?"

நாத்தனார் கேமராவை அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே சாய்த்து வைத்துவிட்டு, வாண்டுவைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இங்கே பாருங்க," என்றாள்.