மூன்றாவது கோர்

"அப்ப சேர்வர்ட மூளையில அந்த ரெண்டு கோரும் ஆருக்கு வேல செய்யிது?" என்றான் முர்ஷித். "போன வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரத்துக் கணக்கப் பாருங்க, மாமா. கடையெல்லாம் பூட்டு. ஊரே பள்ளிக்குள்ள. ஆனா சேர்வர் நூறு வீதத்துல ஓடிரிக்கி. பத்தாததுக்கு, நெட்வேர்க் கார்ட்ட இவ ஒளிச்சும் வெச்சிரிக்கா."

"ஒளிக்கல்ல காக்கா," என்றாள் நிஹ்லா. சேர்வரைப் பார்த்துக்கொள்வது அவள்தான்; முர்ஷிதை அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுவாள்.

"அப்ப லிஸ்ட்டுல ஏன் இல்ல?"

அப்துல் ஸமட் ஹாஜியார் மருமகனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கல்முனையில் துணிக்கடைக்கு மேல்மாடி அறை அது. அங்கிருந்துதான் ஹாஜியாரின் சின்னக் கம்பனி, அன்டனா வழியாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கிறது. சேர்வர் அறைச் சாவியை நிஹ்லா மேசையில் வைத்து அரைமணி நேரமாகிவிட்டது. வைக்கச் சொன்னவன் முர்ஷித். கள்ளி என்ற பேரோடு படியிறங்கினால், அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு ஒபிஸும் தன்னை எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"களவா டிஜிட்டல் காசு தோண்டுற புரோகிராம் போட்டிரிக்கா மாமா. நம்மட கரண்டுல."

"நீ சொல்லு மகள்," என்றார் ஹாஜியார்.

அவள் சொன்னாள். கொஞ்சம் வேகமாகத்தான் சொன்னாள், இந்த விஷயம் என்றாலே அவளுக்கு நாக்கு முந்திவிடும். அந்தப் பெரிய சேர்வருக்குள் நிஜமாக இல்லாத, புரோகிராமால் மட்டும் ஆன பல சின்னப் பாவனை மிஷின்கள் ஓடுகின்றன. அதில் ஒன்றுதான் எல்லா வீட்டு இன்டர்நெட்டையும் கடத்திவிடுகிறது. முன்னர் அதற்குள் நெட்வேர்க் கார்ட்டை இயக்கிய டிரைவர் புரோகிராம், தான் ஒரு நிஜக் கார்ட் என்று நடித்துக்கொண்டிருந்தது. அந்த நடிப்புக்கே பாதிச் சக்தி போனது. பின்னேரமானால் கத்தாரில் இருக்கும் மகனோடு கதைக்கிற உம்மாமாருக்குக் குரல் உடைந்துடைந்து கேட்டதும் அதனால்தான். நிஹ்லா அதைக் கழற்றிவிட்டு விர்டியோ என்ற வேறொரு டிரைவரைப் போட்டாள். அது நடிப்பதில்லை. தான் பாவனை மிஷினுக்குள் இருப்பது அதற்குத் தெரியும். வெளியே இருக்கும் பெரிய சேர்வரோடு நேரடியாக ஒரு வரிசை வைத்து, இன்டர்நெட் தகவல் துண்டுகளான பக்கெற்றுகளை மாற்றிக்கொள்ளும். அந்த வரிசையைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு புரோகிராம், அதற்கென்று ரெண்டு கோர்.

"கார்ட்ட அந்தப் புரோகிராமே கையில எடுத்திட்டு. அதான் சாதாரண லிஸ்ட்டுல பேர் வாறல்ல."

"வடிவாக் கதைக்கிறா," என்றான் முர்ஷித். எழும்பிப் போய், வெளியே போகும் கேபிளைச் சட்டென்று கழற்றினான். "இப்ப ஒரு பக்கெற்றும் வரா. பாருங்க மாமா."

திரையில் ரெண்டு கோரும் நூறு வீதத்திலேயே நின்றன. முர்ஷித் சிரித்தான். ஹாஜியாரின் முகம் இறுகியது.

நிஹ்லா ஹாஜியார் பக்கம் திரும்பினாள். அவருடைய குடும்பம் கரையிலிருந்து வலை இழுத்து மீன் பிடிக்கும் கரைவலைக் குடும்பம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஹாஜியார், கரையில மீன் பாக்கிற ஆள், மீன் இல்லாட்டி வீட்ட போய் நித்திர கொள்ளுவாரா?"

"எப்பிடி? கடலப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பான்."

"இதுவும் அதான். பக்கெற் வந்தாலும் வராட்டியும் பாத்துக்கிட்டே நிக்கும். ஆள எடுத்தா வேலையும் நிக்கும். எடுத்துக் காட்டட்டா?"

"கேபிளப் போடு மருமகன்," என்றார் ஹாஜியார்.

முர்ஷித் போட்டான். இன்டர்நெட் திரும்ப ஓடத் தொடங்கியதும் நிஹ்லா தன் புரோகிராமை நிறுத்தினாள். ரெண்டு கோரும் தொப்பென்று விழுந்தன. கீழே துணிக்கடையில் யாரோ நெட் போச்சு என்று கத்தினார்கள். மேசைப் போனும் அடிக்கத் தொடங்கியது.

ஹாஜியார் சாவியை அவள் பக்கம் தள்ளினார். ஆனால் நிஹ்லா சாவியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கோர் நூறு வீதத்தில் நின்றது.

அவள் தன் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டாள். ரெண்டு கோர் ஏறின. இப்போது மூன்று. "காக்கா, இந்த மூணாவது என்ட இல்ல. இது கமராவுக்கு வெச்ச பாவனை மிஷின்ட. அத நீங்கதான் போட்டீங்க."

"கமராதான். படம் பிடிக்கிது."

"கடை வாசல்ல இரிக்கிறது ஒரு கமரா," என்றார் ஹாஜியார். "அதுக்கு இவ்வளவா?"

"கமரா என்டா அப்பிடித்தான் மாமா."

முர்ஷித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் எதையோ தட்டினான். வாட்ஸ்அப்பாக இருக்கலாம். வீட்டிலிருந்து அழைப்பாகவும் இருக்கலாம். சேர்வரைப் போனிலிருந்தும் இயக்கலாம் என்று தெரிந்த நிஹ்லா, கீபோர்டிலிருந்து ரெண்டு கையையும் எடுத்து, ஹாஜியார் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கோர் நூறிலிருந்து பூச்சியத்துக்கு விழுந்தது. லிஸ்ட்டில் கமரா மிஷினின் பேரும் இல்லை.

"கரண்ட் போயிரிக்கும்," என்றான் முர்ஷித், திரும்பாமலே.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாஜியார் ஃபேனைப் பார்த்தார், மருமகனின் முதுகைப் பார்த்தார், அவனுக்குக் கட்டிக்கொடுத்த தன் மகளின் வாழ்க்கையையும் நினைத்திருப்பார். "நாளைக்கு வா மகள்" என்று மட்டும் சொன்னார்.

நிஹ்லா சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அது முன்பைவிடப் பாரமாக இருந்தது. அழித்த மிஷினுக்கும் சேர்வரில் தடம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஹாஜியார் தேடச் சொல்லவில்லையே. நீங்களே சொல்லுங்கள், ஒரு கமரா மிஷின் தன்னைத்தானே அழித்துக்கொண்டு போகுமா? அவளுடைய இடத்தில் நீங்கள் இருந்தால், நாளைக்குப் போய் அந்தத் தடத்தைத் தேடுவீர்களா?