மாமான்னு கூப்பிட்டவன்

எங்க ஊட்டுக்காரரை இதுவரைக்கும் ஒருத்தரும் ஏமாத்துனதில்லீங்க. நான் சொல்லலை, அவரே சொல்லுவாரு. சூலூர்ல எங்க தறிக்குடோனுக்கு நூல் கொண்டாந்து போடறவங்ககிட்டச் சொல்லுவாரு, பேங்க் வரிசையில நிக்கறவங்ககிட்டச் சொல்லுவாரு, கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரர்கிட்டச் சொல்லுவாரு. நரசிம்மலுவை ஏமாத்த இன்னொருத்தன் பொறந்து வரணும்னு அவருக்கு ஒரு நெனப்பு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

எங்களுக்கு ஒரே மக, ஹர்ஷிணி. ஊட்டுல நாங்க பேசறது தெலுங்கு. அப்பாவை அவ நாயனான்னுதான் கூப்பிடுவா. அவ பள்ளிக்கூடம் போற காலத்துல பஸ் ஏத்திவிடறப்பெல்லாம் இவருக்கு ஒரே பாட்டு. "நாயனா அனுப்புனாருன்னு எவன் வந்து கூப்பிட்டாலும் போகப்படாது கண்ணு. நாயனாதான் பேசறேன்னு போன் வந்தாலும் நம்பப்படாது." அவளும் தலையை ஆட்டிட்டு ஏறிப்போவா.

அப்படி வளத்த புள்ள, நாலு வருசத்துக்கு முன்னாடி உக்கடத்துப் பையன் மெர்வினைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. கிறிஸ்தவப் பையன், ஓட்டல்ல சமையல் வேலை. அவ அனுப்புன கல்யாணப் போட்டோவை இவரு கவரைப் பிரிக்காமயே கிழிச்சுப்போட்டாரு. "ஏமாத்திப்போட்டா"ன்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் அவ பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு. ஊர்ல பெருமை பேசறப்ப மட்டும் அந்த ஒன்னைக் கணக்குல சேக்கறதில்லை.

நான் விடலீங்க. பெத்தவ எப்படி விடுவா? அவரு குடோனுக்குப் போனதும் மகளுக்குப் போன் போட்டுருவேன். அவங்க கோவளத்துல இருந்தாங்க. ஒரு ரிசார்ட்ல அவனுக்கு வேலை. புள்ள பொறந்து மூணு வயசாச்சு, சாரான்னு பேரு. "புள்ளைய நேர்ல பாத்தா நாயனா மனசு எளகிரும்மா. என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. மொதல்ல அவளைப் பாக்கட்டும், அவரு மூஞ்சியில சிரிப்பு வந்தப்பறம் நான் வாரேன். எப்படியாவது கூட்டிட்டு வந்துரு"ன்னா. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இத்தனையும் செஞ்சேன்.

ஆயுத பூஜைக்குத் தறியை நிறுத்தி லீவு விட்டிருந்தோம். "ஏனுங்க, ஒரு தடவ கடலைப் பாத்துட்டு வரலாமுங்க. சீசன் இன்னும் ஆரம்பிக்கலையாம், கோவளத்துல ரூமெல்லாம் பாதி வாடகைதானாம்"னு மெதுவா ஆரம்பிச்சேன். பாதி வாடகைன்னதும் நிமிந்து உக்காந்தாரு. அப்பறம் ஒரு வாரம் போனும் கையுமா, சுத்துலாப் போற எடத்துல எப்படியெல்லாம் ஏமாத்தறாங்கன்னு வீடியோவாப் பாத்துத் தள்ளுனாரு. சீசன் இல்லாதப்பத்தான் ரொம்ப உஷாரா இருக்கோணுமாம். வர்றதே நாலு பேரு, அத்தனை பேரும் அந்த நாலு பேரு மேலயே வுழுவாங்களாம்.

அவரு சொன்னதுல தப்பில்லீங்க. திருவனந்தபுரத்துல எறங்குனதுமே ஆட்டோக்காரன், நாங்க ரூம் போட்ட ஓட்டல் பெயின்ட் அடிக்கறதுக்காகச் சாத்திக் கெடக்குது, வேற நல்ல எடம் காட்டறேன்னான். இவரு அங்கயே ஓட்டலுக்குப் போன் அடிச்சாரு, ஸ்பீக்கர்ல. எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு, கூட ஒரு சாட்சி வேணுமாம். ஓட்டல் தொறந்துதான் இருந்துச்சு. மத்தியானம் சாப்பிடப் போன எடத்துல மீனைக் கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லி, வெலையச் சொன்னப்பறம்தான் பொரிக்க உட்டாரு. சொன்ன வெலை பாதியாக் கொறஞ்சுது. "பாத்தியா அம்மணி"ன்னு என்னைப் பாத்து ஒரு பார்வை. மத்தியானத்துக்குள்ள ரெண்டு தடவ ஜெயிச்சவரை அப்பறம் புடிக்க முடியுமா?

சாயங்காலம் கடக்கரைக்குப் போனோம். மழை மூட்டம். குடையெல்லாம் மடக்கி வெச்சிருந்தாங்க, ஆளே இல்லை. படகுக்காரன், மசாஜ் பண்றவன், பாசிமணி விக்கறவன்னு எல்லாரும் எங்களையே சுத்துனாங்க. ஒருத்தன் இனாம்னு சொல்லி என் கழுத்துல சிப்பி மாலையப் போட்டான். இவரு வெடுக்குன்னு கழட்டித் திருப்பிக் குடுத்தாரு. அப்பறம் ஊட்டுல இருந்து கொண்டாந்த சிறுவாணித் தண்ணி பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுத்தாரு. "கையில எதைக் குடுத்தாலும் வாங்காதே. நம்மூருன்னு சொல்லிட்டு வர்றவனை நம்பவே நம்பாதே. கொழந்தையக் கூட்டிட்டு வந்தா இன்னும் மோசம், அதை உட்டுத்தான் பாக்கெட்டுல கை வெப்பாங்க."

நான் அவரு முதுகுக்குப் பின்னாடியே பாத்துட்டிருந்தேன். ஏன்னா மெர்வின் அந்நேரம் எங்களைப் பாத்து வந்துட்டிருந்தான்.

இவரு அவனைப் பாத்ததே இல்லை, நானும் போன்லதான் பாத்திருந்தேன். சட்டைய இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். கையில சாரா. பச்சைப் பாவாடை, தலையில பூ. பின்னாடி, சாத்திக் கெடந்த ஒரு கடையோட தாவாரத்துல எம்மக டீ பிளாஸ்க்கோட நின்னுட்டிருந்தா. நாயனா சிரிச்சதும் வரலாம்னு நின்னுட்டிருந்தா.

"ஏனுங்க மாமா, கோயமுத்தூருங்களா?"ன்னான். "பேச்சைக் கேட்டனுங்க. நானும் உக்கடந்தானுங்க."

இவரு என்னைப் பாத்து, சொன்னேன் பாரு, அப்படீன்னு கண்ணைக் காட்டுனாரு. "சரிங்க. நாங்க ஒன்னும் வாங்கறாப்பல இல்லீங்க."

"விக்க வரலீங்க மாமா. சும்மா ஒரு வார்த்தை..."

"மாமா கீமான்னு ஒறவு கொண்டாடாதீங்க தம்பி. ஒங்களமாதிரி எத்தனையோ பேரைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கறோம். போயிட்டு வாங்க."

வெரட்டுறதுலயும் எங்கூரு மரியாதைக்கு ஒன்னும் கொறச்சல் இல்லை. அதுக்குள்ள சாரா அப்பன் கையில இருந்து நழுவி ஓடியாந்து, "தாத்தா"ன்னு இவரு வெரலைப் புடிச்சுக்கிட்டா. சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்த புள்ள, பாவம், சொன்னபடியே செஞ்சா. இவரு வெரலை ஒதறுனாரு. புள்ள மண்ணுல உக்காந்துருச்சு. அழுகலை. உள்ளங்கையில ஒட்டுன மண்ணைப் பாத்துட்டு, கையை விரிச்சு இவருகிட்ட நீட்டுச்சு.

"பாரு, கை நீட்டுது"ன்னாரு. சொல்லிட்டு, சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பாத்தாரு. பர்சை வெளிய எடுத்தாரு, தொறந்து பாத்தாரு, திருப்பி உள்ள வெச்சாரு. அத்தனையும் அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா.

நான் வாயைத் தொறந்தேன். மெர்வின் வேண்டாம்னு தலையை ஆட்டுனான். "தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னு இவருகிட்டச் சொல்லிட்டு, மகளைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டு நடந்துட்டான்.

பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு நான் பின்னாடியே ஓடுனேன். கடைக்குப் பின்னாடி எம்மக குத்தவெச்சு உக்காந்து, பிளாஸ்க்ல இருந்த டீயை மண்ணுல ஊத்திட்டிருந்தா.

"எம்புள்ளைன்னு தெரிஞ்சு தள்ளிவிட்டிருந்தா, எம்மேல இருக்கற கோவம்னு இருந்துருவேம்மா"ன்னா. "யாரு புள்ளைன்னே தெரியாமத்தானே அப்படிப் பாத்தாரு. அவ மூஞ்சியப் பாத்தாம்மா திருடின்னு தோணுச்சு?"

"நான் இப்பவே போய்ச் சொல்லிப்போடறேன் கண்ணு."

"சொல்லாதே. சொன்னா ஓடி வருவாரு, எனக்குத் தெரியும். சொல்லித்தான் வரோணும்னா எனக்கு வேண்டாம்."

சாராவை வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். மொதமொதல்ல என் பேத்திய நான் தூக்குனது அப்பத்தான். "தாத்தாவுக்கு ஏன் கோவம்?"னு புள்ள எங்காதுல கேட்டுச்சு. அழுதுட்டே கீழ எறக்கிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் இவரு ஆரம்பிச்சுட்டாரு. குடோன்ல சொன்னாரு, பால்காரர்கிட்டச் சொன்னாரு. மாமான்னு கூப்பிட்டான், உக்கடம்னு சொன்னான், நானா ஏமாறுவேன்னு. நான் பல்லைக் கடிச்சுட்டுக் காப்பி ஆத்துனேன். மக சொல்லாதேன்னு சொல்லிட்டாளே.

அடுத்த முகூர்த்தத்துக்கு மதுக்கரையில ஒரு கல்யாணம். பந்தியில எனக்கு எதிர் வரிசையில உக்காந்து அதே கதைய எடுத்தாரு. அன்னைக்கு அது வளந்துபோச்சு. "அந்தக் குட்டி கை பாக்கெட்டுக்குள்ளயே போயிருச்சுங்க. நான் மட்டும் புடிக்கலீன்னா பர்சு போயிருக்கும். அதுகளை அப்படிப் பழக்கி விடறாங்க." பக்கத்து எலைக்காரர் சிரிச்சாரு. நான் பாதிச் சோத்துல எலைய மடிச்சுட்டேன். எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவிட்டேன்.

ஊட்டுக்கு வந்து இவரு சட்டையக் கழட்டி ஆணியில மாட்டறப்பவே சொல்லிப்போட்டேன். "அந்தக் குட்டிக்குப் பேரு சாராங்க. உங்க பேத்தி. மாமான்னு கூப்பிட்டது உங்க மருமவன்."

"உனக்கு எவன் சொன்னான்? உன்னையும் ஏமாத்திப்போட்டாங்களா?"ன்னு சிரிச்சாரு.

போனைத் தொறந்து நீட்டுனேன். ஹர்ஷிணி மடியில சாரா, அதே பச்சைப் பாவாடையோட. வாங்கிப் பாத்தாரு. ரெண்டு வெரலால பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாரு. அப்பறம் கட்டில்ல உக்காந்துட்டாரு.

"கை நீட்டுச்சே?"ன்னாரு.

"மண்ணு ஒட்டியிருந்துச்சுங்க. தொடச்சு விடுங்கன்னு நீட்டுச்சு."

தன்னோட வெரலையே பாத்துட்டிருந்தாரு. இந்த மனுசன் ஒரு நாளைக்கு இப்படி உக்காரோணும்னு நான் ஆங்காரத்துல நெனச்சது நெசந்தான். உக்காந்தப்பறம் பாக்க முடியலீங்க.

மகளோட நம்பரைக் கேட்டாரு. தன்னோட போன்ல அடிச்சாரு, பழக்கம்போல ஸ்பீக்கர்ல. அவகிட்ட இவரு நம்பர் இல்லாமயா இருக்கும்? மணி அடிச்சுட்டே இருந்துச்சு. நிக்கப் போறப்ப எடுத்தா.

"யாருங்க?"

"நாயனா பேசறேன் கண்ணு."

அந்தப் பக்கம், தூரத்துல சாரா என்னமோ பாடிட்டிருந்துச்சு. இவரு போனை ரெண்டு கையிலயும் புடிச்சிருந்தாரு. அப்பறம், எங்ககிட்டத் தெலுங்குலயே பேசற புள்ள, யாரோ ஒருத்தருக்குப் பதில் சொல்ற மாதிரி தமிழ்ல சொன்னா. கொரல் ஒடஞ்சுதான் சொன்னா.

"நாயனா பேசறேன்னு யாரு கூப்பிட்டாலும் நம்பப்படாதுன்னு எங்க நாயனா சொல்லிக் குடுத்திருக்காருங்க."

வெச்சுட்டா.

இவரு திருப்பி அடிக்கலை. போனு அணைஞ்சப்பறமும் அதையே பாத்துட்டிருந்தாரு. நான் பக்கத்துல போய் உக்காந்தேன்.

"மறக்காம வெச்சிருக்கா பாரு"ன்னாரு.