குமரேசனின் காலை டூட்டி

ஆஸ்பத்திரி வேலை என்றால் ஊரில் நம்பிப் பெண் கொடுப்பார்கள். குமரேசனுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவன் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு இருக்கிற வார்டு உதவியாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் சித்ராவுக்கே தெரிந்தது. போனால் கூலி, போகாவிட்டால் கிடையாது. காய்ச்சலில் படுத்தாலும் அதே கணக்கு, மாமனார் செத்தாலும் அதே கணக்கு.

கொரோனா இரண்டாவது அலையாக வந்தபோது இந்த வேலைக்குத் திடீரென்று மரியாதை முளைத்தது. டி.வி.யில் தெய்வம் என்றார்கள். அவன் வேலை பார்த்த திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒருவர் போட்டோக்காரனோடு வந்து எல்லோருக்கும் சால்வை போர்த்தினார். சால்வையைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் கொடுத்தால் சித்ராவுக்கு மாத்திரை தருவானா?

சித்ராவின் உடம்பில் இருப்பது அவள் அம்மா கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கிற மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. முண்டியம்பாக்கத்தில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா மூடி மறைக்கவில்லை. "கொரோனா வார்டுல வேலை பாத்துட்டு நீ வீட்டுக்குள்ள வந்தா, இவ தாங்க மாட்டாப்பா" என்று சொல்லிவிட்டார்.

குமரேசன் வெளியே எங்காவது தங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சித்ரா இரண்டு முறை குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டு முறையும் கதவை உடைத்துத் தூக்கியவன் அவன்தான். துணைக்கு வர அவள் அம்மாவுக்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆக, அவன் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு விழுப்புரத்து வீட்டிலேயே உட்கார்ந்தான்.

ஏதோ உதவித்தொகை கொடுக்கிறார்களாமே என்று சூப்பர்வைசர் கண்ணையனுக்குப் போன் போட்டான். "அதெல்லாம் நம்ம மாதிரி கூலி ஆளுக்கு வராதுப்பா. அதுவும் வீட்ல குந்திக்கினு இருக்கறவனுக்கு யாரு குடுப்பா?" என்றார் கண்ணையன். அவர் கெட்டவர் இல்லை. அவரும் கூலிதான்.

மறுநாள் சவுரியம்மாள் போனில் பேசினாள். அதே வார்டில் கூட்டித் துடைக்கிறவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். யாரையும் அதட்டாமல் அவளுக்குப் பேசவே வராது.

"டேய், உன் காலை டூட்டிய நாங்க அஞ்சு பேரும் முறை வச்சுக்கினு பாக்கறோம். கண்ணையங்கிட்ட பேசிட்டேன். ஆள் கொறையாம இருந்தா அவருக்குப் போதுமாம். கூலி உனக்கு வந்துடும்."

"எப்டிக்கா? உங்களுக்கே மத்தியான டூட்டி இருக்குது."

"அஞ்சு பேருடா. ஆளுக்கு வாரத்துல ஒரு நாளு, மிஞ்சினா ரெண்டு நாளு. யாரும் செத்துட மாட்டோம். நீ பொண்டாட்டியப் பாரு."

குமரேசன் ஒத்துக்கொண்டான். ஐந்து பேர் தோளில் ஏறுகிற பாரம் அப்படியொன்றும் பெரிதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தேற்றிக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வேனிலிருந்து இறங்கி, கூலிக் கவரை மதில்மேல் போட்டு, பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவாள் சவுரியம்மாள். தெருவில் நின்றபடியே, "சித்ரா, மூஞ்சியக் காட்டுடி" என்பாள். ஜன்னலில் சித்ராவின் முகம் தெரிந்ததும், "எளச்சுட்டியே, துன்ன மாட்டியா?" என்று அதற்கும் ஒரு அதட்டல். உண்மையில் சவுரியம்மாள்தான் இளைத்துக்கொண்டு வந்தாள். குமரேசனும் பார்த்தான். பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தான்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த வாரம் கண்ணையன் போனில் அழுதார். அவள் கூட்டித் துடைத்த வார்டிலேயே அவளைப் படுக்கவைத்திருந்தார்களாம். மூச்சு நின்றுவிட்டது. அடக்கத்துக்குப் போகக்கூட குமரேசனால் முடியவில்லை. போனால் திரும்பி இந்த வீட்டுக்குள்தானே வரவேண்டும்? சித்ராவுக்குத் தெரியாமல் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதான். சித்ரா அவனுக்குத் தெரியாமல் அடுப்படியில் அழுதாள்.

பிறகு ஒருநாள் காலையில் சவுரியம்மாளின் மகள் ஆர்த்தி வந்து தெருவில் நின்றாள். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண். முகத்தில் முகக்கவசம், கையில் கவர்.

"அண்ணா, எனக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. இது அம்மா கடைசியா பாத்த உங்க டூட்டிக் காசு. கண்ணையன் சார் குடுத்தாரு."

"நீயே வச்சுக்கம்மா. மத்த நாலு பேரு பாக்கற டூட்டிக் கூலி எனக்கு வந்துக்கினுதானே இருக்கும்."

ஆர்த்தி விழித்தாள். "எந்த நாலு பேருண்ணா?"

"முறை வச்சுப் பாக்கறாங்களே."

"அவங்கள்லாம் மொத வாரத்தோட பயந்துக்கினு நின்னுட்டாங்கண்ணா. அதுக்கப்புறம் எல்லா நாளும் அம்மாதான். காலைல உங்க டூட்டி, மத்தியானம் அவங்க டூட்டி. அந்த பிளாஸ்டிக் டிரஸ்ஸக் கழட்டவே நேரம் இல்லன்னு சொல்லும்."

குமரேசன் மதிலைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாகப் பிரித்து மனதில் லேசாக வைத்திருந்தது மொத்தமும் அவன்மேல் வந்து விழுந்தது. நம்மைக் காப்பாற்ற ஒருத்தி செத்தாள் என்று தெரிந்த பிறகு மனிதன் எந்த முகத்தோடு சோறு தின்பான்?

ஆர்த்தி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. "நாளையிலேருந்து அம்மா எடத்துக்கு என்னை வரச் சொல்லிட்டாரு கண்ணையன் சாருண்ணா. தம்பி இருக்கான், வாடகை இருக்குது. உங்க டூட்டியையும் நானே பாத்துடறேன். அக்காவுக்கு மாத்திரை நிக்கக்கூடாதுன்னு அம்மா காய்ச்சல்ல கூட சொல்லிக்கினு இருந்துது."

குமரேசன் வாயைத் திறக்குமுன் ஜன்னலில் சித்ராவின் குரல் கேட்டது.

"மாமா, கெளம்பு."

"எங்க?"

"டூட்டிக்கு. ரெண்டு டூட்டியும் நீ பாரு. அவங்கம்மா கூலி இந்தப் பொண்ணுக்குப் போவட்டும். சின்னப் பொண்ணு, அந்த வார்டுல கால வைக்கக்கூடாது."

"உன்ன எப்படி ஒண்டியா உட்டுட்டுப் போறது? விழுந்துட்டேன்னா?"

"விழுந்தா எழுந்துக்கறேன். இன்னொருத்தர் வீட்டு உசுர வாங்கித் துன்ன என்னால முடியாது மாமா."

மேலும் பேசியிருந்தால் அவன் அவளைத் தடுத்திருக்கலாம். ஆனால் அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆர்த்தி அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்து, தெரு மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். கிட்டே போய் அவள் தலையைத் தொட யாருக்கும் உரிமையில்லாத காலமாக இருந்தது அது.

கொரோனா ஓயும்வரை குமரேசன் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே தங்குவது என்று முடிவாயிற்று. சித்ரா இரண்டு லுங்கியும் சட்டைகளும் வைத்த பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "குளிக்கறப்ப தாழ்ப்பாள் போடாத" என்றான் அவன். சரி என்றாள். வேன் வந்து ஹாரன் அடித்தது.

அவன் மதிலைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, தெனமும் போன் பண்ணு. எடுக்கலன்னா பயந்துக்காத. தூங்கிக்கினு இருப்பேன்."