மஞ்சள் பூசிய துவைகல்

மல்லசமுத்திரத்தில் ஆயிரம் கல் இருக்கலாம். அங்கம்மாளின் துவைகல்லுக்கு ஈடு கிடையாது. புருஷன் சடையன் செக்கு ஆட்டுகிறவன். அவன் வேட்டியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு வேறெந்தக் கல்லுக்கும் அசையாது. இடிந்த கோயிலிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த கல் அது. மேலே வழவழ, அடிப்பக்கம் ஓர் அம்மன், தலையும் இல்லை, கையும் இல்லை. இல்லாவிட்டால் போகிறது, துவைக்கத் தலை எதற்கு?

வந்தது வினை, பட்டணத்து மியூசியத்து ஞானதாஸ் உருவத்தில். குனிந்து அடியில் தடவிப் பார்த்த மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அம்மா, இது பழங்காலச் சிலைங்க! காலையில வண்டியோட வாரேன். பதிலுக்குப் புதுக் கல்லு தாரேன்."

"செத்த காலேஜுல, அதான் உங்க மியூசியத்துல, வெக்கறதுக்கு என்ற கல்லுதான் கெடைச்சுதுங்களா?" என்று அங்கம்மாள் கத்தினாள். சர்க்கார் ஆள் கேட்பாரா? போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் சடையனைக் கடப்பாரையோடு இழுத்து வந்து கல்லைப் புரட்டினாள். அம்மன் மேலே வந்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலையும் சொருகினாள். "இப்பத் தூக்கட்டும் பார்ப்போம்!"

காலையில் புதுக் கல்லோடு வந்த ஞானதாஸ் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் வேதக்காரனுங்க, சர்ச்சுக்குப் போறவன். கும்புடற சாமி மேல கை வெச்சா ஊரு என்னைச் சும்மா உடாதுங்க." வண்டியைத் திருப்பச் சொன்னார்.

ஜெயித்த குஷியில் அங்கம்மாள் அழுக்கு மூட்டையோடு ஓடி வந்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு உண்ணாமலை தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தெருவே நின்றது.

"அடிப்பாவி! ஆத்தா மேலயா எண்ணெத் துணி? உங்கூட்டுச் சாமி, வெள்ளிக்கு வெள்ளி நீதான் பொங்கல் வெக்கோணும்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைக் கேட்டிருக்கிறோம்; துவைகல்லைக் காக்கப் போய்ச் சாமியானது இங்கேதான். அங்கம்மாள் மூட்டையை இடுக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடினாள்.

"ஏனுங்க சாமி, நில்லுங்க! கல்லை எடுத்துட்டே போங்க!"

"கும்புடற சாமியத் தொட மாட்டேனுங்கம்மா."

"அந்தப் புதுக் கல்லையாவது எறக்குங்க!"

"அது பழசுக்குப் பதிலுங்க. பழசு வரலியே!"

வண்டி போய்விட்டது. அங்கம்மாள் திரும்பி வந்தபோது ஆளாளுக்கு வரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலை மழை கேட்டாள், இன்னொருத்தி மகளுக்கு மாப்பிள்ளை கேட்டாள். அங்கம்மாளும் மூட்டையைக் கீழே வைத்துக் கண்ணை மூடினாள்.

"ஆத்தா, எனக்கு ஒரு தொவைக்கிற கல்லு குடு."