பிள்ளை எங்கே தூங்குகிறது?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தன் த்ரீவீலில் வந்து ஏறிய இருவரையும் கண்டதும் கணேஸுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

ஒருவர் சிஸ்டர் டொரதி. மாதா ஆரம்பப் பாடசாலையின் அதிபர். மற்றவர் ஸ்ரீதரன் மாஸ்டர், யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் இருபது வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிறவர். மாஸ்டரின் மடியில் தடித்த நீலக் கோப்பு ஒன்று இருந்தது.

"இண்டைக்கு முழுக்க நீர்தான் தம்பி. பள்ளிக்கூட வேன் பழுதாப் போச்சு. பன்னிரண்டு வீடு. ஏலுமே?" என்றார் மாஸ்டர்.

"யார் வீடுங்க சேர்?"

"முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளைகளின்ரை வீடு. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கிறது. சொல்லிப் போட்டுப் போனா வீடெல்லாம் நாடக மேடையாப் போயிடும்!"

கணேஸ் சிரித்து வைத்தான். அந்தக் கோப்புக்குள் இருந்த பன்னிரண்டில் ஒன்று அவன் மகள் யதுர்ஷிகாவுடையது. அதில் எழுதியிருந்த முகவரி பச்சைப் பொய்.

யது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து அங்கேயே வளர்கிற பிள்ளை. படிவத்தை நிரப்பிய அன்று த்ரீவீல் ஸ்டாண்டே கூடி நின்று அவனுக்குப் புத்தி சொன்னது. "லயம்னு எழுதுனா படிவம் நேரா குப்பைக்கூடைக்குத்தான்டா. லயத்துக்கு உறுதிப் பத்திரம் இருக்கா? கரண்ட் பில் உன் பேருல வருதா?" இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த கூட்டாளி பிறையனின் வீட்டு முகவரியை எழுதிவிட்டான்.

மனைவி கலாராணி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் நேர்முகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனவள் அவள்தான். அங்கே பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார்களாம், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேன் என்றாள். அன்று கணேஸ் ஹயர் ஓடப் போயிருந்தான். அதனால் சிஸ்டர் அவன் முகத்தைக் கண்டதில்லை.

வண்டி புறப்பட்டது.

மாதா பள்ளிக்கூடத்துக்குச் சட்டம் ஒன்றுதான். முப்பத்தைந்து இடத்தில் இருபது, தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. மிச்சம் பதினைந்தும், எந்தச் சமயமானாலும், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்கு. அந்தப் பதினைந்துக்கு முப்பது விண்ணப்பம். பதினெட்டு வீடு பார்த்தாகிவிட்டது. இன்றைக்குக் கடைசிப் பன்னிரண்டு.

முதல் வீடு தையல்கடை ஒன்றின் பின்னறை. மழை தூறியதால் கணேஸ் குடை பிடித்துக்கொண்டு வாசல்வரை போனான். இடியப்பம் அவித்துக்கொண்டிருந்த அபீபா என்ற பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

சிஸ்டர் பத்திரம் எதையும் கேட்கவில்லை. குனிந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சின்னவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மகள் எங்க தூங்குவீங்க? எனக்குக் காட்டுங்க."

பிள்ளை சிஸ்டரின் விரலைப் பிடித்து இழுத்துப்போய்த் தையல் மேசைக்கு அடியைக் காட்டியது. அங்கே ஒரு மெத்தை. அதற்கு மேலே மேசைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்க வண்ணச் சோக்கில் மீன்கள். படுத்துக்கொண்டு வரைந்தவை.

"எங்கட புள்ளய சேர்ச் ஸ்கூலுக்கு எடுப்பீங்களா சிஸ்டர்?" அபீபாவின் குரல் தயங்கியது.

"நடந்து வருவாளா?"

"நடக்கவா? ஓடித்தான் வருவா!"

வண்டியில் ஏறியதும் சிஸ்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "வேன் வைக்க முடிஞ்சவங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கிட்டத்தான் மாஸ்டர். நடக்கிற பிள்ளைக்கு இது ஒண்ணுதான் கிட்ட."

கணேஸ் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். பெரிய கெட்டிக்காரிதான். இந்தக் கேள்விக்குப் பொய் பில்லும் பொய் உறுதியும் எந்த மூலைக்கு?

நான்காவது வீடு மாடி வீடு. வாசலில் கார். வீட்டுக்காரர் சந்திரகுமார் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். கூடத்தின் நடுவில் ஆளுயர மாதா சொரூபம். "ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகாம நம்ம வீட்டில சோறு இறங்காது சிஸ்டர்," என்று அவர் தொடங்கும்போதே உள்ளேயிருந்து அவருடைய மகன் காலைப் பின்னிக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, இந்த வீட்டில பாத்ரூம் எங்க?"

சந்திரகுமாரின் மனைவி ஓடி வந்து மகனின் வாயைப் பொத்தினாள்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "முதல்ல பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கம்மா, பாவம். பிறகு மாதாவுக்கு முகத்தில சுத்தியிருக்கிற பொலித்தீனைக் கழட்டுங்க. மூச்சு முட்டும்."

வாசலில் வைத்தே சந்திரகுமார் உண்மையைக் கொட்டினார். சொந்த வீடு தூரத்தில், குண்டசாலையில். இது மச்சானுடையது, ஒரு மாதத்துக்கு மட்டும். வண்டி நகர்ந்ததும் மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாஸ்டர்," என்றார் சிஸ்டர். "அந்த வீட்டில பொய் சொல்லாத ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அவனைத்தான் நாங்க வெட்டப் போறோம்."

அந்தச் சொல் கணேஸின் பிடரியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடுவில் சிஸ்டரின் போன் அடித்தது. யாரோ பெரிய இடம். 'நம்ம ஆள் ஒருத்தர்' என்று என்னவோ இழுத்தது அந்தக் குரல். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. சிபாரிசு செய்தவர்னு உங்க பேரையும் கோப்பில எழுதிக்கிறேன். முழுப் பேர் சொல்லுங்க," என்றார்.

"என்ன சொன்னவர்?" என்றார் மாஸ்டர்.

"லைன் போயிட்டுது."

கணேஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயமும் வந்தது. இந்த மனுசியிடம் தப்ப முடியுமா?

பத்து வீடு முடிந்து, இருவரும் தேநீர் குடிக்க இறங்கினார்கள். கணேஸ் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிப் பிறையனுக்குப் போன் போட்டான். "வர்றாங்கடா. நாந்தான் கூட்டிட்டு வர்றேன்!"

"நீயா? ஜேசுவே!" பிறையன் ஒரு நிமிஷம் ஆடிப்போய்ப் பிறகு சுதாரித்தான். "பயப்படாத. ப்ரஷ், சப்பாத்து, கட்டில்ல கரடிப் பொம்மை, எல்லாம் ரெடி. யது அம்மாவோட கடைக்குப் போயிருக்குன்னு சொல்றேன்."

"புள்ளையைப் பார்க்காம விட மாட்டாங்கடா. எங்க தூங்குறேன்னு கேக்குறாங்க."

"அப்ப திங்கக்கிழமை திரும்ப வருவாங்க. அதுக்குள்ள யதுவைக் கொண்டாந்து ரெண்டு நாள் பழக்கிடுவோம். இதுதான் உன் கட்டில், இதுதான் உன் பொம்மைன்னு. சின்னப் புள்ளைதானே, சொல்லிக் குடுத்தா சொல்லும்."

சொல்லும். அதுதான் கணேஸைக் குத்தியது. யது கெட்டிக்காரி, சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் படிக்கப்போகும் முதல் பாடத்தை அப்பனே இப்போது படிப்பிக்க வேண்டும்.

"அடுத்தது பின்தெரு," என்று மாஸ்டர் ஏறி உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார். "பிள்ளை யதுர்ஷிகா. கிட்டத்தான், ரெண்டு நிமிசம்."

வண்டி ஓடியது. பின்தெருவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். முடக்கு வந்தது. கணேஸ் ஹாண்டிலைத் திருப்பவில்லை. முடக்கு போனது.

"தம்பி, முடக்கை விட்டிட்டீர்."

வண்டி ஹந்தானை ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஏறியது.

"தம்பி! எங்க ஐசே போறீர்?"

"யதுர்ஷிகா வீட்டுக்குத்தாங்க சேர்." கணேஸ் திரும்பாமலே சொன்னான். "பின்தெருவுல அவ இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. தோட்டத்து லயத்துல இருக்கா. நான் அவ அப்பா."

தேயிலைச் சரிவு ஒன்று கடந்து போனது.

"நிப்பாட்டுங்க," என்றார் சிஸ்டர்.

நிறுத்தினான். சிஸ்டர் இறங்கி வீதியோரத்தில் நின்றார்.

"சிஸ்டருக்கு முன்னமே தெரியுமா?" என்றான் கணேஸ்.

"தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பேனா? விண்ணப்பம் போட்டவங்க வண்டியில நாங்க கால் வைக்கக் கூடாது. வைச்சிட்டோம். அதையும் எழுத வேணும். இன்னும் எவ்வளவு தூரம்?"

"முக்கால் கிலோமீற்றருங்க."

"நடப்போம் மாஸ்டர்."

மாஸ்டர் ஏற்றத்தைப் பார்த்தார். தன் தொந்தியையும் பார்த்தார். "சிஸ்டர், ஒரு அவசரத்துக்கு..."

"நடப்போம்."

இருவரும் நடக்க, பின்னால் கணேஸ் முதல் கியரில் ஊர்ந்தான். வழியில் கொழுந்துக் கூடையோடு வந்த பேச்சியம்மா நின்று பார்த்துவிட்டு, "என்ன கணேசு, சாமி ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

லயத்து வாசலில் கலாராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டரைக் கண்டதும் அவள் கையிலிருந்த துணி நழுவியது. கணவனின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று. கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"யது எங்க தூங்குவீங்க?"

யது அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓடிப்போய்ப் பாயை விரித்தே காட்டினாள். "இது அம்மா பக்கம். இது அப்பா பக்கம். நான் நடுவுல. அப்பா கொரட்டை விட்டா காலால இப்பிடி உதைப்பேன்!"

மாஸ்டர் மூச்சிரைப்பின் நடுவிலும் சிரித்தார். சிஸ்டர் கலாராணியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க டவுனில ஒரு ஆபீஸ்ல கிளீனிங் வேலைன்னு எழுதியிருக்கு. எப்படிப் போறீங்க?"

"நடந்துதாங்க சிஸ்டர். கீழ குறுக்குப் பாதை இருக்கு."

"அது பாதையா? ஆட்டுத் தடம்!" என்று இடையில் விழுந்தான் கணேஸ். "மீட்டர்ல பார்த்தா நம்ம வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு ஏழு கிலோமீற்றர் சிஸ்டர். அதுனாலதான் நான்..."

"உங்களுக்குச் சக்கரம் போற வழி மட்டுந்தான் வழி," என்றாள் கலாராணி, அத்தனை நாள் அடக்கி வைத்த சூட்டோடு. "ஒரு நாளாவது எங்கூட எறங்கி நடந்திருக்கீங்களா?"

சிஸ்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்கு உயிர் போயிற்று. "பார்க்கத்தானே வேணும்," என்று முனகிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்.

கலாராணி, யது, சிஸ்டர், மாஸ்டர் நால்வரும் தேயிலைக்குள் இறங்கி மறைந்தார்கள். கணேஸ் மட்டும் வண்டியோடு வளைந்து வளைந்து வீதி வழியே இறங்கிப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். நிற்க முடியவில்லை. உட்கார்ந்தான். உட்காரவும் முடியவில்லை. பிள்ளை பாதி வழியில் தூக்கச் சொல்லி அழுதால்? வழுக்கி விழுந்தால்?

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தேவாலயத்தின் பின்பக்கத்துப் படிக்கட்டில் முதலில் தெரிந்தது யதுவின் தலை. பிறகு கலாராணி. பிறகு செருப்பெல்லாம் சேறாகச் சிஸ்டர். கடைசியாக, கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு மாஸ்டர்.

"முப்பத்தெட்டு நிமிசம்!" என்று அறிவித்தார் மாஸ்டர். "நான் ரெண்டு தரம் இருந்தெழும்பினது சேர்த்து. பிள்ளை எனக்காக நிண்டு நிண்டு வந்தது ஐசே."

கணேஸ் சிஸ்டரின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். "கிடைக்குங்களா சிஸ்டர்?"

"தெரியாது," என்றார் அவர். ஆறுதலுக்காகக்கூட ஒரு சொல் சேர்க்கவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஃபாதரும் இருந்து தீர்மானிக்கணும். பொய் முகவரி தந்தீங்கன்னு எழுதுவேன். நீங்களே வண்டியைத் திருப்பினீங்கன்னும் எழுதுவேன். ரெண்டில ஒண்ணையும் குறைக்க மாட்டேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கணேஸ் உடைந்துபோயிருப்பான். ஆனால் காலையிலிருந்து இந்த மனுசியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். அபீபாவுக்கு ஒரு தராசு, சந்திரகுமாருக்கு ஒரு தராசு என்று அவரிடம் இருக்கவில்லை. அந்தத் தராசில் தன் பிள்ளை ஏறியிருக்கிறதே, அதுவே ஒரு தைரியமாக இருந்தது.

அடுத்த இரண்டு கிழமையும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பட்டியல் பள்ளிக்கூட வாசலில் ஒட்டப்பட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. யாரை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியிருக்கும். எடுக்காதவர்களுக்குப் பெயர் இல்லை, இலக்கமும் காரணமும் மட்டும். பிள்ளைக்கு அவமானம் வரக் கூடாதாம். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு கணேஸும் பிறையனும் முன்னால் போனார்கள்.

பதினைந்து இலக்கங்கள் வெட்டப்பட்டிருந்தன. முதல் பெயர் அபீபாவின் மகள். கணேஸின் விரல் கீழே கீழே இறங்கியது. பத்து. பன்னிரண்டு. பதினான்கு.

"டேய்!" பிறையன் அவன் தோளில் அறைந்தான். "பதினஞ்சுடா!"

அதே நேரம் போன் அடித்தது. கலாராணி. "என்ன போட்டிருக்கு? சொல்லுங்க!"

"எடுத்துட்டாங்க..."

"வாசிங்க. முழுசா வாசிங்க."

எதிரே எழுதியிருந்ததைக் கணேஸ் அப்போதுதான் பார்த்தான். சுற்றிலும் ஐம்பது பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தான்.

"யதுர்ஷிகா கணேஸ். ஹந்தானைத் தோட்டம். நடை முப்பத்தெட்டு நிமிடம். தந்தை பிழையான முகவரி தந்து, வீட்டுப் பரிசோதனைக்கு முன் தாமே திருத்தினார். எனவே, உண்மை எழுதிய பதினான்கு குடும்பங்களுக்கும் பிறகு இடம் வழங்கப்பட்டது."

அடியில் இன்னொரு வரி இருந்தது. அதையும் வாசித்தான். "பரிசோதனையின்போது அதிபரும் ஆசிரியரும் அறியாமல் விண்ணப்பதாரர் ஒருவரின் வாகனத்தில் பயணித்தனர். அந்தப் பத்து வீடுகள் மீண்டும், எஞ்சிய ஒரு வீடு முதல்முறையாகவும், வேறு இருவரைக் கொண்டு பார்க்கப்பட்டன."

மறுமுனையில் கலாராணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இன்னும் ஒரே ஒரு வீடு உண்மையா இருந்திருந்தா நம்ம புள்ளைக்கு எடமில்ல. வெளங்குதா உங்களுக்கு?"

"வெளங்குது."

"அவங்க பிழையையும் எழுதி ஒட்டியிருக்காங்க பாருங்க."

"பார்த்தேன்."

பின்னால் நின்ற யாரோ ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "அது ஆருப்பா அந்தப் பதினஞ்சாவது? பொய் அட்ரஸ் குடுத்த ஆள்?" என்று உரக்கக் கேட்டார். பிறையன் மெதுவாகக் கணேஸின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே இழுத்தான்.

கணேஸ் கையை விடுவித்துக்கொண்டு திரும்பினான்.

"எம் மகதாங்க," என்றான். "அட்ரஸ் குடுத்தது நான்."